பேறுகாலத்தில் உடம்பில் நீர் கோப்பது ஏன்?

நிறைமாதத்தில் பலருக்கும் கால் வீங்கும். மாலையானால் செருப்பு நுழையாது, மெட்டி விரலோடு இறுகிவிடும். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி விழும்; அது நிரம்பச் சில நொடிகள் பிடிக்கும். வீட்டில் பார்லித் தண்ணீர் காய்ச்சுவார்கள், ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கிவைப்பார்கள். "எல்லாருக்கும் வர்றதுதான், பிள்ளை பிறந்தா வடிஞ்சிடும்" என்று தேற்றுவார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அதே குழி, ரத்தக்குழாய்களின் உட்சுவர் நோயுற்றாலும் விழும், இதயம் தளர்ந்தாலும் விழும், மருத்துவமனையில் ஏற்றிய டிரிப்ஸ் அளவு மீறினாலும் விழும். வெளியே பார்க்க எல்லாம் ஒரே வீக்கம். உள்ளே நடப்பது வேறு வேறு, ஒன்றுக்குத் தரும் வைத்தியம் இன்னொன்றுக்குக் கேடு. அதனால்தான் நீர் எதனால் குழாயை விட்டு வெளியேறியது என்ற கேள்வியைத் தாயின் உயிரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தின் மாதங்களில் இந்தக் கேள்வியை ஓரளவு கேட்கக் கற்றுக்கொண்டோம். பிள்ளை பிறந்த முதல் வாரத்தில் கேட்க மறந்துவிடுகிறோம். என் கவலை முழுவதும் அந்த வாரத்தைப் பற்றியது.

முதலில் குழாயின் கதை. நம் உடலின் மிக மெல்லிய ரத்தக்குழாய்களான தந்துகிகள், நீர் புகாத சுவர் கொண்டவை அல்ல. நீரும் உப்பும் அவற்றின் வழியே எப்போதும் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. 1896இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். குழாய்க்குள் இருக்கும் ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் உள்ள புரதங்கள், முக்கியமாகக் கல்லீரல் செய்யும் ஆல்புமின், நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. தள்ளும் விசை கூடினாலோ இழுக்கும் விசை குறைந்தாலோ திசுக்களில் நீர் தேங்கும். நூறாண்டுக்கும் மேல் மருத்துவ மாணவர்கள் இதைத்தான் படித்தார்கள். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. தந்துகியின் உட்சுவர் வெறுஞ்சுவர் அல்ல. குளத்துப் படிக்கட்டில் பாசி படர்ந்திருப்பதுபோல அதன்மேல் சர்க்கரையும் புரதமும் பின்னிய ஒரு மெல்லிய படலம் படர்ந்திருக்கிறது. கிளைக்கோகேலிக்ஸ் என்று அதற்குப் பெயர். புரதம் வெளியேறாமல் காப்பது பெரிதும் இந்தப் படலம்தான். வெளியேறிய நீர் தந்துகியின் மறுமுனை வழியே மீண்டும் உறிஞ்சப்படுகிறது என்ற பழைய பாடமும் மாறியிருக்கிறது: பெரும்பாலான திசுக்களில் அந்த நீரை வாங்கிக்கொண்டு ரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். லெவிக்கும் மிஷலும் 2010இல் இதையெல்லாம் தொகுத்து எழுதினார்கள்.

ஆக, வீக்கத்துக்கு வழிகள் பல. உள்ளே அழுத்தம் கூடலாம். ஆல்புமின் குறையலாம். படலமும் சுவரும் சிதையலாம். நிணநீர் வடிகால் திணறலாம். பேறுகாலத்தின் சிறப்பு, நோய் எதுவும் இல்லாத பெண்ணிடத்திலேயே இவற்றில் இரண்டு மூன்று ஒரே சமயத்தில் நடப்பதுதான்.

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் பெருகுகிறது. சிவப்பணுக்கள் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை, அதனால் ரத்தம் நீர்த்துப்போகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. பிரசவ நேரத்துக்குள் உடலில் கூடுதலாகச் சேரும் நீர் ஆறு முதல் எட்டு லிட்டர் வரை இருக்கும். குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர் எல்லாம் இதில் அடக்கம். ஆல்புமின் டெசிலிட்டருக்கு நான்கு கிராமுக்கு மேல் இருந்தது மூன்றரைக்கும் கீழே இறங்குகிறது. கனத்த கருப்பை இடுப்பின் பெரிய சிரைகளை அழுத்துவதால் கால்களிலிருந்து ரத்தம் மேலேறுவது தாமதப்பட்டு, கால் சிரைகளில் அழுத்தம் கூடுகிறது. இத்தனையும் நோயல்ல. பிரசவத்தில் ரத்தம் இழக்கப்போகிற உடல் செய்துகொள்ளும் முன்னேற்பாடு இது.

இதை நோயென்று எண்ணி மருத்துவம் ஒரு காலத்தில் பெரிய தவறு செய்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேலைநாடுகளில் கர்ப்பிணிகளுக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், எடை கூடக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள், சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளைத் தாராளமாகக் கொடுத்தார்கள். 1958இல் மார்கரெட் ராபின்சன் லண்டனில் 2,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டார். உப்பைக் குறைக்கச் சொன்ன பெண்களிடம்தான் ரத்த அழுத்தச் சிக்கல் அதிகமாகக் காணப்பட்டது, உப்பைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர்களிடம் அல்ல. இன்றைய அளவுகோலில் அந்த ஆய்வில் குறைகள் உண்டு. உப்பு கூடினால் நோய் குறையும் என்று அதைவைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் உப்பை ஒடுக்கினால் நோய் நிற்கும் என்ற நம்பிக்கையை அது அசைத்துவிட்டது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பல்லாயிரம் கர்ப்பிணிகளின் பதிவுகளை ஆராய்ந்து 1967இல் வெளியான கட்டுரை இன்னொன்றைக் காட்டியது: ரத்த அழுத்தம் கூடாமல் வீக்கம் மட்டும் இருந்த பெண்களின் குழந்தைகள் சற்று எடை கூடுதலாகவே பிறந்தன. நீர் கோத்திருப்பது நல்ல பிளாஸ்மா பெருக்கத்தின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதை அதன்பின் யாரும் எளிதில் ஒதுக்க முடியவில்லை. பின்னாளில், கர்ப்பகால ரத்த அழுத்த நோயான பிரீகிளாம்ப்சியாவுக்கான இலக்கணத்திலிருந்தே வீக்கம் நீக்கப்பட்டது. 2000இல் அமெரிக்காவின் தேசியப் பணிக்குழுவும் அதைக் கைவிட்டது. வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது இன்றும் வேண்டியதுதான். அதை மட்டும் வைத்து நோய் என்றோ, நோயில்லை என்றோ முடிவு செய்யக்கூடாது.

இனி உண்மையான கசிவுக்கு வருவோம். பிரீகிளாம்ப்சியாவைத்தான் இந்தக் கேள்வியின் நடுவில் வைக்க வேண்டும். கர்ப்பத்தின் இருபதாவது வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் கூடும், சிறுநீரில் புரதம் இறங்கும், அல்லது கல்லீரல், தட்டணுக்கள், மூளை, நுரையீரல் ஆகியவற்றில் பாதிப்பு தெரியும், முற்றினால் எக்லாம்ப்சியா என்னும் வலிப்பு வரும். நம் ஊரில் பிரசவ ஜன்னி என்று அஞ்சப்பட்டது பலமுறை இதுவே. வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரைக் காய்ச்சினால் ஆல்புமின் திரள்வதை லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் 1843இலேயே எழுதிவைத்தார். குழாயிலிருந்து புரதம் தப்பிப்போகிறது என்பதற்கு முதல் சாட்சி அது. 1959இல் இந்நோயில் சிறுநீரகத் தந்துகிகளின் உட்சுவர்ச் செல்கள் உப்பிப் பருத்திருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. நோய் ரத்தக்குழாயின் உள்தோலில் இருக்கிறது என்பது தெளிவானது. எது அந்தத் தோலைக் கெடுக்கிறது என்பதுதான் தெரியவில்லை. நஞ்சு வெளியே வந்தால்தான் நோய் தணியும் என்பதால் சந்தேகம் எப்போதும் நஞ்சின் மேலேயே இருந்தது.

விடையின் பெரும்பகுதி 2003இல் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற சிறுநீரக மருத்துவர் எஸ். அனந்த் கருமாஞ்சியும் அவர் குழுவினரும் பாஸ்டனில் செய்த ஆய்வு அது. ரத்தக்குழாய்களை வளர்க்கும் வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தையும் அதன் உறவான பி.எல்.ஜி.எஃப்-ஐயும் கைப்பற்றி முடக்கும் ஒரு பொருளை, நோயுற்ற நஞ்சு அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது என்று கண்டார்கள். எஸ்-ஃபிளிட்-1 என்று அதன் பெயர். அதைக் கருவுற்ற எலிகளுக்குச் செலுத்தியபோது ரத்த அழுத்தம் கூடியது, சிறுநீரில் புரதம் இறங்கியது, சிறுநீரகத்தில் 1959இல் கண்ட அதே உப்பிய செல்கள் தோன்றின. இதே வி.ஈ.ஜி.எஃப். 1983இல் முதன்முதல் கண்டறியப்பட்டபோது அதற்கு வைத்த பெயரே ரத்தக்குழாய்க் கசிவுக் காரணி. கசிவை உண்டாக்கும் பொருளை முடக்கினால் கசிவு நிற்கத்தானே வேண்டும்? ஆனால் தந்துகியின் உட்சுவர் உயிரோடு இருக்கவே சிறிதளவு வி.ஈ.ஜி.எஃப். வேண்டும். வெள்ளமாகப் பெருகினாலும் கசியும், ஒரேயடியாக வற்றினாலும் சுவர் நோயுற்றுக் கசியும். புற்றுநோய்க்கு வி.ஈ.ஜி.எஃப்-ஐ முடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, ஆண்களுக்கும்கூட, ரத்த அழுத்தம் கூடிச் சிறுநீரில் புரதம் இறங்குவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். கர்ப்பப்பையே இல்லாதவரிடத்தில் இதன் சாயல் தெரிவதைவிட வலுவான சான்று வேறென்ன வேண்டும்?

நஞ்சு ஏன் அப்படிச் செய்கிறது என்பதற்கு இன்று சொல்லப்படும் காரணம், தொடக்கத்திலேயே அது சரியாக வேர்விடாததுதான். கருப்பையின் சுருள் தமனிகள் அகன்று கொடுத்தால்தான் நஞ்சுக்குப் போதிய ரத்தம் பாயும். அகலாதபோது நஞ்சு மூச்சுத்திணறி நெருக்கடிச் சைகைகளை அனுப்புகிறது. இரட்டைக் கரு, நீரிழிவு, உடல் பருமன், முன்பே உள்ள ரத்த அழுத்தம் ஆகியவை இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்கின்றன. எஸ்-ஃபிளிட்-1, பி.எல்.ஜி.எஃப். இரண்டின் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது. பரிசோதனை இருக்கிறது; நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலுக்கு அது இன்னும் வந்துசேரவில்லை.

இந்நோயில் வீக்கத்தின் பொருளே தலைகீழாகிறது. சாதாரண வீக்கத்தில் குழாய்க்குள்ளும் நீர் நிறைய, வெளியேயும் நிறைய. பிரீகிளாம்ப்சியாவில் வெளியே ததும்பும், குழாய்க்குள் வறண்டிருக்கும். பிளாஸ்மா வெளியேறிவிட்டதால் ரத்தம் கெட்டியாகும், சிறுநீர் குறையும். அந்தக் குறைந்த சிறுநீரைப் பார்த்துப் பதறி, பாட்டில் மேல் பாட்டிலாகச் சலைன் ஏற்றினால் அது கசியும் சுவர் வழியே நுரையீரலுக்குள் இறங்கும். வீக்கத்தைப் பார்த்துப் பதறிப் பிரசவத்துக்கு முன்பே சிறுநீர் பிரிக்கும் மருந்து கொடுத்தால், ஏற்கெனவே வறண்ட குழாய் மேலும் வறண்டு, நஞ்சுக்குப் போகும் ரத்தம் குறையும். இரண்டு பதற்றமும் தவறு. பிரிட்டனில் தாய்மார் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் ரகசிய விசாரணை அறிக்கைகள், இந்நோயாளிகளில் கணிசமானோர் அளவு மீறிய டிரிப்ஸால் நுரையீரலில் நீர் கோத்து இறந்ததைத் திரும்பத் திரும்பச் சுட்டின. அதன்பிறகு மணிக்கு 80 மில்லிலிட்டர் என்ற வரம்பு வந்தது. அத்தகைய மரணங்கள் அங்கே வெகுவாகக் குறைந்தன. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்காமல், டிரிப்ஸின் வேகத்தைக் கட்டுப்படுத்தியே காப்பாற்றிய உயிர்கள் அவை.

வலிப்பை அடக்குவதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் எம்.கே. கிருஷ்ண மேனன் மூன்று மயக்க மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த முறையை 1961இல் வெளியிட்டார். அது மேனன் முறை என்று நாடெங்கும் கையாளப்பட்டது. 1995இல் வெளியான பன்னாட்டு ஆய்வும், 2002இல் 10,141 பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வும் மெக்னீசியம் சல்பேட்டே மேல் என்று நிறுவிய பின் அந்த முறை வழக்கொழிந்தது. மெக்னீசியம் வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது. ஆனால் தந்துகிக் கசிவை அது நிறுத்துவதில்லை. வலிப்பு நின்றதும் ஆபத்து போய்விட்டதென்று எண்ணக்கூடாது.

அடுத்தது, வைத்தியத்தால் வரும் வீக்கம். மருத்துவமனைச் சிகிச்சையைத்தான் சொல்கிறேன். ஒரு லிட்டர் நார்மல் சலைனில் ஒன்பது கிராம் உப்பு இருக்கிறது. 500 மில்லி பாட்டில் நான்கு இறங்கினால் 18 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வீட்டில் ஒரு துண்டு ஊறுகாயை மறுத்த குடும்பம், மருத்துவமனையில் டிரிப்ஸ் நின்றால் "ஏன் குளுக்கோஸ் போடலை" என்று செவிலியரிடம் சண்டைக்குப் போகிறது. ஏற்றிய சலைனில் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்துக்குள் குழாயை விட்டுத் திசுக்களுக்குப் போய்விடும். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்யும்போது ரத்த அழுத்தம் இறங்காமலிருக்க முன்கூட்டியே ஒரு லிட்டர் ஏற்றுவது முன்பு வழக்கம். இப்போது அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் ஊசிமருந்துகளையே பெரிதும் நம்புகிறார்கள்.

பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் இன்னொரு காரணம். ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஹார்மோன், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெஸினிலிருந்து இரண்டே இரண்டு அமினோ அமிலங்களில்தான் வேறுபடுகிறது. அதனால் அளவு கூடினால் சிறுநீரகம் நீரை வெளியேவிடாமல் பிடித்துக்கொள்ளும். உப்பில்லாத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் கலந்து மணிக்கணக்கில் ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் சரிந்து, குழப்பமும் வலிப்பும் வரும். அதை எக்லாம்ப்சியா என்று தவறாக எண்ணவும் கூடும். குறைமாதப் பிரசவத்தைத் தள்ளிப்போடத் தரப்பட்ட டெர்பியூட்டலின் போன்ற மருந்துகளாலும் நுரையீரலில் நீர் கோத்தது உண்டு. அவற்றை நீண்ட நேரம் செலுத்துவது இப்போது குறைந்துவிட்டது.

பிள்ளை பிறந்த மறுநிமிடம் என்ன நடக்கிறது? கருப்பை சுருங்கி, அதில் இருந்த அரை லிட்டர் அளவு ரத்தத்தைத் தாயின் உடலுக்குள் பிழிந்து அனுப்புகிறது. பெரிய சிரைகள் மேலிருந்த அழுத்தம் நீங்குகிறது. இதயம் ஒரு நிமிடத்துக்கு இறைக்கும் ரத்தம் திடீரென்று உயர்கிறது. அதே வேளையில் ரத்த இழப்பாலும் ஏற்றிய சலைனாலும் ஆல்புமின் மேலும் நீர்த்துப்போகிறது. நீரை உள்ளே இழுக்கும் புரத அழுத்தம் சாதாரணமாக 25 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருக்கும். நிறைமாதத்தில் 22 அளவில் இருப்பது பிரசவத்துக்குப் பின் 17 அளவுக்கும், பிரீகிளாம்ப்சியா உள்ளவர்களுக்கு 14 அளவுக்கும் இறங்குவதை அளந்திருக்கிறார்கள். தள்ளும் விசை கூடி, இழுக்கும் விசை அடிமட்டத்தில் இருக்கும் நேரம் இது. நுரையீரலில் நீர் கோப்பது பல பெண்களுக்குப் பிரசவத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வருவதன் காரணம் இதுவே. "வயித்துல பிள்ளை இருந்தப்ப வீங்காத கால், பெத்தப்புறம் வீங்கிடுச்சே" என்று பச்சை உடம்புக்காரிகள் திகைப்பதற்கும் இதுவே காரணம். அடுத்த சில நாள்களில் திசுக்களில் இருந்த நீரும் உப்பும் ரத்தத்துக்குத் திரும்புகின்றன. சிறுநீரும் வியர்வையும் பெருக்கெடுக்கும். திரும்பும் அந்த வெள்ளத்தோடு ரத்த அழுத்தமும் ஏறி, மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. சுகப்பிரசவமான தாய் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பாள்.

இந்த நீர் மார்பிலும் தேங்கும். பால் கட்டிக்கொண்டது என்று சொல்வதில் ஒரு பங்கு பால் அல்ல, திசுவில் கோத்த நீர். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் விறைத்துத் தட்டையாகி, குழந்தையால் கவ்வ முடியாமல் போகும். பிழிந்தால் வலிதான் கூடும். இதற்கு ஜீன் காட்டர்மன் என்ற அமெரிக்கச் செவிலியர் 2004இல் எழுதிய முறை எளியது: இரு கைகளின் விரல்நுனிகளைக் காம்பின் அடியைச் சுற்றி வட்டமாக வைத்து, மார்புக்கூட்டை நோக்கி மெதுவாக, விடாமல் ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். நீர் பின்வாங்கும், வட்டம் இளகும், அந்த நேரத்தில் குழந்தையை வைத்தால் கவ்விக்கொள்ளும். தாய்க்கு ஏறிய டிரிப்ஸ் குழந்தையின் உடலிலும் சேர்கிறது. அத்தகைய குழந்தை முதல் நாளில் சிறுநீராக அதை வெளியேற்றும்போது எடை சட்டென்று குறையும். "பால் பத்தலை" என்று அதற்குப் பொருள் கொண்டு மாவுப்பால் டப்பாவை வாங்க ஓடுகிறோம். பிறந்த நேரத்து எடையைவிட 24 மணி நேரம் கழித்து எடுத்த எடையை அடிப்படையாகக் கொள்ளலாம் என்று கனடாவில் 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. ஏற்கத்தக்க யோசனை.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் உடம்பு ஊதிப்போகும் என்று பத்தியத்தில் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. தாகம் எடுக்கும் தாய், அதுவும் பால் கொடுப்பவள், தண்ணீர் குடிப்பதால் தந்துகி கசிவதில்லை. இயங்காமல் படுத்திருக்கும் உடம்பில் தண்ணீரையும் குறைத்தால் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். ஒரு கால் மட்டும், பெரும்பாலும் இடது கால், வலியோடு வீங்கினால் அது சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். இரு கால் வீக்கத்தோடு அதைச் சேர்த்துவிடக் கூடாது.

பேறுகாலப் பழக்கத்தால் நீர் கோப்பதற்கு உலகம் அறிந்த சான்று வட நைஜீரியாவின் சாரியா வட்டாரம். அங்கே ஹௌசா பெண்கள் பிரசவத்துக்குப் பின் நாற்பது நாள் அளவுக்கு, ஏரியிலிருந்து எடுக்கும் கன்வா என்ற உப்பைக் கலந்த கஞ்சி குடிப்பார்கள், தீமூட்டிச் சூடேற்றிய மண்மேடையில் படுப்பார்கள், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்வார்கள். அந்த ஊர் மருத்துவமனையில் பேறுகால இதயச் செயலிழப்பு மிக அதிகமாக இருப்பதை 1970களில் டேவிட்சன், பாரி முதலியோர் பதிவு செய்தார்கள். உப்பும் வெப்பமும் இதயத்துக்குத் தாங்க முடியாத சுமையைக் கொடுக்கின்றன என்பது அவர்கள் கருத்து. அண்மைக்கால நைஜீரிய ஆய்வுகள் செலினியம் குறைவு போன்ற வேறு காரணங்களையும் முன்வைக்கின்றன. உப்பு மட்டும் இதயத்தைக் கெடுத்திருக்காது, ஆனால் தளர்ந்துகொண்டிருந்த இதயத்தை அது மூழ்கடித்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதம் வரை, முன்பு நோயே இல்லாத இதயம் தளர்வதற்குப் பேறுகால இதயத்தசை நோய் என்று பெயர். பால் சுரப்புக்கான புரோலாக்டின் உடைந்து உண்டாகும் ஒரு துண்டும், முன்பு சொன்ன எஸ்-ஃபிளிட்-1உம் இதயத்தின் நுண்குழாய்களைச் சேதப்படுத்துவதை 2007, 2012 ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. இங்கே சுவர் கசிவதைவிட, இறைக்க முடியாமல் பின்தேங்கும் அழுத்தமே நீரைத் தள்ளுகிறது. படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் குறையும், நடுராத்திரியில் இருமல் வரும். பச்சை உடம்பு, அசதி என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. கடுமையான ரத்தசோகையும் இதயத்தை இதே நிலைக்குக் கொண்டுவரும். நம் நாட்டில் அதை மறக்கக் கூடாது. அப்பெண்ணுக்கு வேகமாக ரத்தம் ஏற்றினால் அந்த ரத்தமே நுரையீரலை நிறைக்கும்.

தொற்றால் வரும் கசிவு வேறு வகை. பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கிருமி பரவிச் செப்சிஸ் ஆனால் தந்துகிப் படலம் உதிர்ந்து உடல் முழுதும் கசியும். ரத்த அழுத்தம் சரியும். அழுத்தத்தைத் தூக்க நீர் ஏற்ற வேண்டும். ஏற்றிய நீர் கசியவும் செய்யும். டெங்குவில் வைரஸின் என்.எஸ்.1 புரதமே அந்தப் படலத்தைத் தாக்குவதை 2016இல் கண்டார்கள். 2017இல் இலங்கையில் 1,86,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்ததாகக் கணக்கு. கர்ப்பிணிகளும் அதில் இருந்தார்கள். டெங்குவில் கசிவைக் கண்டுபிடிக்க ரத்தத்தின் கெட்டித்தன்மையை, அதாவது ஹீமட்டோகிரிட்டைப் பார்ப்பார்கள். கர்ப்பிணியின் ரத்தம் ஏற்கெனவே நீர்த்திருப்பதால், கசிந்து கெட்டியான பின்னும் எண் சாதாரணமாகத் தெரியும். அவளுடைய பழைய எண்ணை அறிந்த மருத்துவர்தான் ஏற்றத்தைப் பிடிக்க முடியும். கர்ப்பகால அட்டையில் எழுதிய பழைய எண்கள் உயிர் காக்கும் இடம் இது. இலங்கை மருத்துவர்கள் கசியும் அந்த இரண்டு நாளுக்கு மொத்தமாக எவ்வளவு நீர் என்று வரம்பு வகுத்து, மணிக்கு மணி அளந்து கொடுக்கும் ஒழுங்கை வளர்த்தெடுத்தார்கள்.

அரிய காரணங்களும் உண்டு. பனிக்குட நீரின் கூறுகள் தாயின் ரத்தத்தில் புகுந்து, நிமிடங்களில் ரத்த ஓட்டமும் உறைதலும் குலைவதை 1941இல் ஸ்டைனரும் லஷ்பாவும் விளக்கினார்கள். வயிற்றுக்குள் குழந்தைக்கு நீர் கோத்தால் தாய்க்கும் கோக்கும் விந்தையை எடின்பரோவின் பேலண்டைன் 1892இலேயே எழுதினார். காரணமே தெரியாமல் தந்துகிகள் திடீரெனக் கசிந்து வற்றும் நோயை 1960இல் கிளார்க்சன் விவரித்தார். அது பேறுகாலத்தில் வருவது மிக மிக அபூர்வம்.

வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் பிரித்தறிய வேண்டியதில்லை. காலையில் வடியும், மாலையில் ஏறும் கால் வீக்கம் பெரும்பாலும் சாதாரணம். முகமும் கைவிரலும் ஓரிரு நாளில் உப்பினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், வலது விலாவுக்குக் கீழே வலித்தால், படுக்க முடியாமல் மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தாலும் போக வேண்டும். "இவ பிள்ளை பெத்தாச்சே, இனி பிபி எங்க வரும்" என்று காத்திருக்கக் கூடாது. முதல் வார உயர் அழுத்தத்துக்குப் பிரசவம் முடிந்த பின் சில நாள் ஃபுரோசெமைட் கொடுப்பது நல்ல பலன் தருவதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கர்ப்பத்தில் ஆகாத அதே மாத்திரை, திசுநீர் திரும்பிவரும் இந்த நாள்களில் உதவுகிறது. ரத்த அழுத்தச் சிக்கல் இருந்தவர்களை 72 மணி நேரத்துக்குள் ஒருமுறையும், 7 முதல் 10 நாளுக்குள் ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி.

நம் நாட்டில் பச்சிளங்குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். குழந்தையை நிறுக்கத் தராசும், காய்ச்சல் பார்க்க வெப்பமானியும் பையில் இருக்கும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தாயின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் காலத்தின் இரு எல்லைகள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோயிருக்கிறது. நீண்ட நாள் ரத்த அழுத்த நோயாளிகளுக்காக வந்த கருவி அது. பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டில் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள் அதே பட்டையை அவள் கையிலும் சுற்றுவதற்குப் புது மருத்துவமனை வேண்டாம், புது மருந்தும் வேண்டாம். அரசு ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். 140/90ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் அனுப்பவும், 160/110ஐத் தொட்டால் ஆம்புலன்ஸை அழைக்கவும் அந்தச் சுற்றறிக்கையில் எழுதியிருக்க வேண்டும்.